நிலாவாரைக்குள் நின்ற தேள்கொடுக்கு

நான் ஏற்றுமதி செய்வது பேதி இலை. சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. தூத்துக்குடித் துறைமுகத்தில் கண்டெய்னர் ஏறி ஜெர்மனிக்குப் போகும் நிலாவாரை இலையை அங்கே சின்னச் சின்னப் பைகளில் அடைத்துத் தேயிலை மாதிரி விற்கிறார்கள். மலச்சிக்கல்காரர்கள் வெந்நீரில் ஊறப்போட்டுக் குடித்துவிட்டுப் படுப்பார்கள். விடிந்ததும் வேலை முடிந்துவிடும். கல்யாண வீட்டுப் பந்தியில் "என்ன பிசினஸ் பண்ணுதீய?" என்று கேட்பவர்களிடம் "மூலிகை எக்ஸ்போர்ட்" என்றால் மரியாதையாகப் பார்ப்பார்கள். பேதி இலை என்றால் தலையைக் குனிந்து சாம்பாரைப் பார்ப்பார்கள். நான் பேதி இலை என்றுதான் சொல்வேன்.

எங்கள் கிட்டங்கியில் மூட்டை தூக்கும் அண்ணாச்சி ஒருவர் ஒவ்வொரு தடவை லாரி ஏற்றும்போதும் இதைச் சொல்லாமல் விடமாட்டார்: "வெள்ளக்காரன் வயிறு காலியானாத்தான் நம்ம வயிறு நெறையும். நல்லா போவட்டும்னு எல்லாரும் சாமிய கும்பிட்டுக்கிடுங்க."

கிட்டங்கி, தூத்துக்குடியை ஒட்டிய புதுக்கோட்டைக்கு இந்தப் பக்கம், திருநெல்வேலி ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே இருக்கிறது. தகரக் கூரை, சிமெண்டுத் தரை, இலையை அழுத்திக் கட்டும் பிரஸ் ஒன்று. இதை ஆரம்பிப்பதற்கு முன்னால் பன்னிரண்டு வருஷம் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஆபீசில் மற்றவர்களின் சரக்குக்குக் காகிதம் தயார் செய்துகொண்டிருந்தேன். எந்தக் கட்டத்தில் எதை எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியும். இலை தெரியாது. இலை தெரிந்தவர்கள் ஒன்பது பெண்கள். சுளகும் கையுமாக உட்கார்ந்து குச்சி, கல், கறுத்த இலை எல்லாவற்றையும் பொறுக்கி எடுப்பார்கள். அவர்களில் மூத்த அக்காவுக்கு என்னைவிடப் பத்து வயது கூட. இருபது வருஷத்துக்கு மேலாக இதே வேலை. நல்ல நேரத்தில் என்னை "மேடம்" என்பாள். கோபம் வந்தால் "ஏளா" தான்.

பங்குனி மாதம் ஒரு நாள், பதினோரு மணி டீயின்போது, அந்த மெயில் வந்தது. தையில் அனுப்பிய கண்டெய்னர் அங்கே போய் இறங்கியிருந்தது. இலையைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். களைச்செடியின் நஞ்சு அளவுக்கு மேல் இருக்கிறதாம். ஈரலைக் கெடுக்கிற நஞ்சு. சரக்கை எடுக்க மாட்டோம், அழிக்கத்தான் வேண்டும் என்று எழுதியிருந்தார் வாங்குகிறவர். அடுத்த அறுப்பிலிருந்து முதலில் மாதிரி மட்டும் அனுப்பச் சொன்னார். அது தேறினால் மேற்கொண்டு பேசலாம், தேறாவிட்டால் இத்தோடு முடித்துக்கொள்ளலாம். கோபமாக ஒரு வார்த்தை இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கோபப்படுகிறவனிடம் பதிலுக்குக் கோபப்படலாம். இவரிடம் என்ன செய்ய?

எனக்கு இருப்பது அந்த ஒரே ஆள். ஊரில் பெரிய கம்பெனிகள் இருக்கின்றன. அவர்களுக்குப் பத்து நாட்டில் ஆள் உண்டு. என்னைப் போன்றவர்கள் ஒருவரைப் பிடித்துக்கொண்டு அவருக்குப் பிடித்த மாதிரி இலை கொடுத்துப் பிழைக்கிறோம். அவர் போனால் பிரஸ் நிற்கும். ஒன்பது பேரும் வீட்டுக்குப் போவார்கள். எனக்கு இலை போடுகிற நாலு காடும் அடுத்த மழைக்கு மக்காச்சோளத்துக்கு மாறிவிடும்.

மெயிலோடு ஒரு படம் இருந்தது. நான் அனுப்பிய படமேதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால், 'உங்கள் வயலைப் பார்க்க ஆசை' என்று அவர் கேட்டதற்கு அனுப்பியது. நிலாவாரைக்கு நடுவில் விவசாயியின் மனைவி ஒரு கட்டு இலையைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிறார். பக்கத்தில் நான், கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு. என் முழங்காலுக்கு அருகில் சிவப்பில் ஒரு வட்டம் போட்டிருந்தார். வட்டத்துக்குள் ஒரு செடி. வெள்ளைப் பூங்கொத்து தேள் வால் மாதிரி சுருண்டு என் முழங்காலைத் தொட்டுக்கொண்டு நின்றது. வேறு ஒன்றும் எழுதவில்லை அந்த மனுஷன். வட்டம் மட்டும்.

போனை எடுத்துக்கொண்டு பொறுக்கும் இடத்துக்குப் போனேன்.

"ஒம்பது பேரு உக்காந்து பொறுக்குதீய. ஒருத்தி கண்ணுலகூடவா இது படல?"

மூத்த அக்கா சுளகைக் கீழே வைத்தாள். போனை வாங்கி, தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"ஏளா, இது தேக்கொடுக்குலா. இதையா வெசம்ங்கான்? தேளு கொட்டுனா நாங்க இதத்தான கசக்கி வச்சுக் கட்டுவோம்."

"ஈரல் கெட்டுப்போவுமாம் எக்கா."

"எங்கள தேளு ஈரல்லயா கொட்டுது? கையிலயும் காலுலயும்தான கொட்டுது."

மற்ற எட்டுப் பேரும் சிரித்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "சிரிங்க. அடுத்த மாசம் வீட்டுல இருந்து சிரிங்க" என்று விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பு நின்றது.

அக்கா குவியலில் கையை விட்டு ஒரு பிடி காய்ந்த இலையை அள்ளி என் உள்ளங்கையில் வைத்தாள். "இதுல எது நிலாவாரை, எது தேக்கொடுக்கு? நீதான படிச்சவ. கண்டுபிடிச்சுச் சொல்லு, பாப்போம்."

பார்த்தேன். எல்லாம் ஒரே பச்சைத் தூள். முழு இலை என்றால் கண்ணுக்குத் தெரியும். தேள்கொடுக்கு இலை அகலம், சொரசொரப்பு. காய்ந்து நொறுங்கிய பிறகு கடவுளே வந்தாலும் பிரிக்க முடியாது. அதாவது என் கிட்டங்கியில் உட்கார்ந்து எத்தனை பேர் எத்தனை நாள் பொறுக்கினாலும் பிரயோசனம் இல்லை. காட்டிலேயே நிற்காமல் இருந்தால்தான் உண்டு.

அன்று மத்தியானமே கிளம்பினேன். கீழவைப்பாருக்குப் போகிற வழியில் உள்ளே திரும்பினால் கரிசல் காடு. படத்தில் இருக்கிற காடு அதுதான். மூன்றாவது அறுப்புக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. விவசாயி மோட்டார் ரூம் நிழலில் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணாச்சி, களை எடுத்தாச்சுன்னு போன்ல சொன்னீய?"

"எடுத்தாச்சுலா. ஒரு புல்லு காட்டுங்க, மீசைய எடுத்துடுதேன்."

உண்மைதான். வரப்போரமாகப் பிடுங்கிப் போட்ட களை குவியல் குவியலாகக் கிடந்தது. நிலாவாரை வரிசைகளுக்கு நடுவில் மண் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. தேள்கொடுக்கு மட்டும் நின்றது. தப்பி நின்றது என்றுகூடச் சொல்ல முடியாது. சுற்றிலும் கொத்தி, தூரில் மண் அணைத்து வைத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையைக் கவனிப்பது போலக் கவனித்திருந்தார்கள்.

நான் ஒரு செடியைக் காலால் தொட்டுக் காட்டினேன். "அப்ப இது என்ன?"

"அது களையா?" என்றார். உண்மையிலேயே புரியாமல் கேட்டார்.

அதற்குள் அவர் மனைவி வந்துவிட்டார். அவரை நான் மதினி என்பேன், என்னையும் அவர் மதினி என்பார். நான் மெயிலில் வந்ததைச் சொன்னேன். சொன்னேன் என்றால் கத்தினேன். ஒரு கண்டெய்னர் இலையை அங்கே கொளுத்தப் போகிறார்கள், நீங்கள் இங்கே களைக்கு மண் அணைக்கிறீர்களா என்று கேட்டேன். மதினி நான் முடிக்கும்வரை இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"கத்தி முடிச்சாச்சா? இப்ப நான் சொல்லுதேன். அறுக்கும்போது தூருல கைய விடுவோம். அங்கனதான் தேளு படுத்திருக்கும், சவம். கொட்டுச்சுன்னா ஊருக்குள்ள ஓடியா தேட முடியும்? கையெட்டுற தூரத்துல நிக்கணும். அதான் பத்தடிக்கு ஒண்ணு விட்டுருக்கோம். எங்களுக்கு என்ன, வேலையத்துப் போயா விட்டுருக்கோம்?"

"ஆஸ்பத்திரி எதுக்கு இருக்கு?"

"போவோம். கட்டிக்கிட்டே போவோம். வண்டி வாரவரைக்கும் என்ன செய்ய, பாட்டு பாடவா?" என்றவர், என் இடது கையைப் பார்த்தார். "ஒங்க வெரல்ல வச்சுக் கட்டுனது மறந்துபோச்சோ மதினி?"

எனக்கு மறந்துதான் போயிருந்தது. படம் எடுக்கிறோம் என்று அன்றைக்கு ஒரு கட்டு இலையை நானே தூக்கப் போனேன். அடியில் தேள் இருந்தது. ஆள்காட்டி விரலில் தீயை வைத்த மாதிரி இருந்தது. நான் போட்ட சத்தத்தில் மோட்டார் ரூமிலிருந்து அண்ணாச்சி ஓடி வந்தார். மதினி பக்கத்தில் நின்ற செடியைத் திருகி, உள்ளங்கையில் கசக்கி, தன் சேலை ஓரத்தைக் கிழித்துக் கட்டிவிட்டார். கட்டிய கையோடுதான் படத்துக்கு நின்றேன். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசியும் போட்டுக்கொண்டேன். வலியை நிறுத்தியது இலையா ஊசியா என்று நான் யோசித்ததில்லை.

போனை எடுத்துப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கூலிங் கிளாஸ், சிரிப்பு, சிவப்பு வட்டம். இடது விரலில் பச்சைக் கறையோடு ஒரு துணிச் சுற்று. விற்பதற்காக நான் பெருமையாக அனுப்பிய படத்தில் களையும் நிற்கிறது, களையை விரலில் கட்டிக்கொண்டு நானும் நிற்கிறேன். நாலைந்து வருஷமாக அந்தக் காட்டுக்குள் போய் வருகிறேன். ஒரு நாளாவது அது ஏன் நிற்கிறது என்று கேட்டேனா? இல்லை. காகிதத்தில் 'களை நீக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது நான். அண்ணாச்சி இல்லை, மதினியும் இல்லை.

அதற்காக நான் விட்டுக்கொடுக்கவில்லை. விட்டுக்கொடுத்தால் எல்லோரும் சேர்ந்துதான் போவோம். பொழுது சாயும்வரை பேசினோம். காட்டுக்குள் ஒரு செடி நிற்கக் கூடாது என்றேன். எங்களுக்குச் செடி வேண்டும் என்றார் மதினி. கடைசியில் கிணற்றடியில், இலைக்கும் அதற்கும் நடுவில் மண்பாதை இருக்கிற இடத்தில், ஒரு பாத்தி கட்டி அங்கே வைத்துக்கொள்வது என்று முடிவானது. அறுப்பு நாளில் அதிலிருந்து இலை பறித்து, மூடி போட்ட தூக்குவாளியில் வரப்பில் வைத்துக்கொள்ள வேண்டும். மூடி திறந்து கிடக்கக் கூடாது.

"பாத்திய யாரு கட்டுவா?" என்றார் மதினி.

"நான் கட்டுதேன்."

"பாப்போம்."

மறுநாள் வேன் பிடித்து ஒன்பது பேரையும் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கூலியாள் போட்டால் பாதியை விட்டுவிடுவார்கள். இவர்களுக்குக் கண் உண்டு. ஆனால் நிழலில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள். வெயிலில் நிற்கச் சொன்னதும் வந்த பேச்சு கொஞ்சமல்ல. எல்லோருக்கும் ரப்பர் கையுறை வாங்கியிருந்தேன். போட்டுக்கொண்டு ஒரு செடியைப் பிடித்தால் பிடி வழுக்கியது. பத்து நிமிஷத்தில் ஒன்பது ஜோடியும் வரப்பில் கிடந்தன. தேளே அந்தக் கையுறையைப் பார்த்துச் சிரிக்கும் என்றாள் ஒருத்தி. கம்பால் தூரைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கையை விடச் சொன்னார் மதினி. அப்படியே செய்தோம். நானும் குனிந்து பிடுங்கினேன்.

"மேடத்துக்கு முட்டி மடங்குமா? இன்னைக்குத்தான் பாக்கேன்" என்றாள் மூத்த அக்கா.

"ஒங்க வாய் மடங்குனா நானும் சந்தோசப்படுவேன்."

நாலு காட்டையும் முடிக்க ஐந்து நாள் ஆனது. கிணற்றடிப் பாத்தியை நான்தான் கட்டினேன். கோணலாக இருந்தது. மதினி அதைப் பார்த்துவிட்டு மண்வெட்டியை வாங்கிச் சரிசெய்தார்.

அறுத்து, நிழலில் காயப்போட்டு, இலை கிட்டங்கிக்கு வந்த அன்று நான் வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். காட்டு வேலைக்குப் போனபோது ஆளுக்கு இரண்டு செடி தங்கள் வீட்டுக் கொல்லைக்கு எடுத்துக்கொண்டு போனதை நான் பார்த்திருந்தேன். அது அவர்கள் பாடு. ஆனால் ஒரு இலைகூட இந்த வாசலைத் தாண்டக் கூடாது. உள்ளே வருகிறவர்களின் பையைத் திறந்து காட்டச் சொன்னேன். மூத்த அக்காவின் பையில், சாப்பாட்டுத் தூக்குக்குப் பக்கத்தில், காகிதத்தில் மடித்துக் காய்ந்த தேள்கொடுக்கு இருந்தது.

"அடுத்த தெருவுல ஒருத்தி கேட்டா. சாயங்காலம் போற வழியில குடுக்கணும்" என்றாள்.

"இம்புட்டு சொல்லியும் கிட்டங்கிக்கே கொண்டு வாரீயளே. அறிவு இருக்கா?"

எல்லோருக்கும் முன்னால் கேட்டுவிட்டேன். அக்கா பையைத் தோளில் மாட்டினாள். "இருபது வருசமா ஒரு குச்சி விடாம பொறுக்கிக் குடுத்தவள, பைய தொறந்து பாக்க. நல்லா இருளா" என்று திரும்பிப் போய்விட்டாள்.

நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருக்க வேண்டும். ஆனால் அவள் பையில் இருந்ததும் இருந்ததுதான். இரண்டையும் சேர்த்துச் சொல்லும் சாமர்த்தியம் எனக்குக் கிடையாது. இரண்டு நாள் எட்டுப் பேரும் என்னிடம் பேசாமல் பொறுக்கினார்கள். சுளகுச் சத்தம் மட்டும் கேட்டது.

மூன்றாம் நாள் காலையில் அவள் வந்தாள். ஸ்டூலுக்கு முன்னால் நின்று பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். தூக்கு, வெற்றிலைப் பொட்டலம், பஸ் டிக்கெட், சீப்பு எல்லாம் தரையில் விழுந்தன. "பாத்துக்க. நல்லா பாத்துக்க." நான் பார்த்தேன். பிறகு என் தோளில் கிடந்த கைப்பையைக் காட்டினாள். "ஒன் பைய?"

நான் அதையும் கவிழ்த்தேன். வேறென்ன செய்ய? லிப்ஸ்டிக்கும் வயிற்றெரிச்சல் மாத்திரையும் உருண்டன. எட்டுப் பேரும் எட்டிப் பார்த்தார்கள். அன்றிலிருந்து ஆட்கள் வேலைக்கு வரும் நேரத்தில் வாசல் ஸ்டூலில் அக்காதான். மூட்டை தூக்கும் அண்ணாச்சியின் டிபன் பாக்ஸ்வரை முகர்ந்து பார்த்துத்தான் உள்ளே விடுகிறாள். "நான் என்ன தங்கமா கடத்துதேன்?" என்று அவர் கேட்டால், "நீரு குடிக்கிற சுருட்டு நாத்தமே சோதனையில தெரியும் வே, வெளிய வச்சுட்டு வாரும்" என்பாள்.

மாதிரியைக் கூரியரில் அனுப்பினேன். பதினெட்டு நாள் பதில் இல்லை. அந்தப் பதினெட்டு நாளும் இலையைப் பிரஸ்ஸில் போடாமல் வைத்திருந்தேன். பெரிய கம்பெனித் தரகர் ஒருவர் வந்தார். எங்கள் சரக்கோடு கலந்துவிட்டால் யாருக்குத் தெரியும், இலையை எங்களிடம் தள்ளிவிடுங்கள் என்றார். கலப்பது உங்கள் தொழில், எனக்குப் பழக்கமில்லை என்று சொல்லி அனுப்பினேன். இதற்கு நடுவில் பழைய கண்டெய்னரை எரித்துவிட்டதாக ஒரு சான்றிதழ் மட்டும் வந்தது. முத்திரை எல்லாம் அழகாக இருந்தது. அதை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன்.

பத்தொன்பதாம் நாள் மெயில் வந்தது. மாதிரி தேறிவிட்டது. அளவுக்குக் கொஞ்சம்தான் கீழே. ஆனால் கீழே. கண்டெய்னரை ஏற்றலாம் என்று எழுதியிருந்தார். கூடவே, வயலின் புதிய படம் ஒன்று வேண்டும்.

பொறுக்குகிறவர்களிடம் போய்ச் சொன்னேன். "அப்ப பேதி உண்டு" என்றாள் அக்கா, சுளகிலிருந்து தலையைத் தூக்காமல்.

படம் எடுக்கக் காட்டுக்குப் போனேன். அறுத்த காடு மொட்டையாகக் கிடந்தது. மறு தளிர் அப்போதுதான் விட்டிருந்தது. மதினியை நடுவில் நிற்கச் சொன்னேன். வெயிலில் நிற்க மாட்டேன் என்று கிணற்றடி நிழலில் போய் நின்றுகொண்டார். பின்னால் பாத்தி. பாத்தி நிறையத் தேள்கொடுக்கு, வாலைச் சுருட்டிக்கொண்டு. ஓரமாகப் போய் அதை விட்டுவிட்டு எடுக்க முடியும். எடுத்தும் பார்த்தேன். பிறகு அந்தப் படத்தை அழித்துவிட்டு, பாத்தியோடு சேர்த்து எடுத்து அனுப்பினேன். பின்னால் நிற்பது அதே செடி, தேள் கடிக்காக வைத்திருக்கிறோம், காட்டுக்குள் இல்லை, இதை வெட்டச் சொன்னால் எனக்கு இலை அறுக்க ஆள் வராது என்று நாலு வரி எழுதினேன். என் இங்கிலீஷில் பணிவு கிடையாது.

மறுநாள் ஒரே வரியில் பதில்: அந்தச் செடிகளுக்கும் பயிருக்கும் எவ்வளவு தூரம்?

காட்டுக்கார அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். லைனில் இருங்கள் என்று சொல்லிவிட்டுப் பாத்தியிலிருந்து காடு வரைக்கும் எட்டு வைத்து நடந்தார். செருப்புச் சத்தம் கேட்டது. எண்ணுவதும் கேட்டது.

"நாப்பத்திரெண்டு எட்டு. என் எட்டு. ஒங்க எட்டுன்னா அம்பது வரும்" என்றார்.

போனை மதினி பிடுங்கிக்கொண்டார். "அந்தாளுட்ட சொல்லுங்க மதினி. சந்தேகம்னா அவரே வந்து அளந்துக்கிடட்டும். காலுக்குச் செருப்பு போட்டுட்டு வரச் சொல்லுங்க. மறந்துட்டாருன்னாலும் ஒண்ணும் இல்ல, வாளியில எல இருக்கு."

நாற்பத்திரண்டு எட்டு என்று எழுதி அனுப்பினேன். மூன்றாம் நாள் கண்டெய்னர் ஏறியது.